சஹனை விட்டு எழும்பாதவர்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்மணிகளே. காற்று பலமாக அடிக்கிறது. தூரத்தில் இருந்தால் பாதிக் கதையைக் கடல் கொண்டுபோய்விடும், மீதிதான் உங்களுக்குக் கிடைக்கும். ஆலங்குடாவில் பிறந்து பாராளுமன்றத்திலேயே தலை நரைத்த ஒருவர், ஒரு கல்யாணச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து எழும்ப முடியாமல் தவித்த கதை இது. சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள். முடிவுவரை இருந்தால் அவர் மேல் கொஞ்சம் இரக்கமும் வரும், அதையும் அடக்க வேண்டாம்.

ஜௌபர் ஹாஜியார் என்றால் கற்பிட்டியிலிருந்து முந்தல் வரை அறியாதவர் இல்லை. முதல்முறை தேர்தலில் நின்றபோது அவர் வெறும் மீன் வியாபாரி. எதிரே நின்றவர் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை வைத்திருந்த தோட்டக்காரர். அந்த நாட்களில் ஒரு கல்யாண வீட்டில் அந்தத் தோட்டக்காரரைச் சஹனில் உட்கார வைத்தார்கள். சஹன் என்றால் தெரியும்தானே, ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் இறைச்சியும் வைத்து ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்பது. இடையில் எழும்பக் கூடாது. சுற்றியிருப்பவர்களில் மூத்தவர் படிக்கத்தை, அதுதான் கை கழுவுகிற பாத்திரத்தை, கேட்டுக் கை கழுவிய பிறகுதான் மற்றவர்கள் எழும்பலாம். பாதிச் சோற்றில் வாசலில் வாகனம் ஹோன் அடித்தது, கொழும்பிலிருந்து யாரோ பெரியவர் வந்திருக்கிறாராம். தோட்டக்காரர் கையை உதறிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் சோற்றில் வைத்த கையோடு ஆளை ஆள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஜௌபர் பெரிய மேடை ஒன்றும் போடவில்லை. சந்திக்குச் சந்தி நின்று ஒரே ஒரு வசனம் சொன்னார். "சஹன விட்டு எழும்புறவன் நாளைக்கி நம்மளையும் விட்டு எழும்புவான்." அவ்வளவுதான். வாக்குப் பெட்டிகளைத் திறந்தபோது தோட்டக்காரரின் தென்னைகள் மட்டும்தான் அவர் பக்கம் நின்றன.

அன்று தொடங்கி ஜௌபருக்குச் சஹன்தான் மேடை. அமைச்சர்களுக்குக் கதிரையும் மேசையும் போட்டிருந்தாலும் அவர் பாயில்தான் இருப்பார். மூத்தவர் கை கழுவும்வரை அசைய மாட்டார். சுவரொட்டியிலும் அந்தப் படம்தான், சோற்றில் கை வைத்துச் சிரிக்கிற ஜௌபர். கட்சிச் சின்னம் மூன்று தரம் மாறியது. வாக்குச்சீட்டில் அவருக்குரிய விருப்பு இலக்கம் தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. சனம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சின்னம் எதுவானால் என்ன, ஒட்டுகிற முகம் ஒன்றுதானே என்று சொல்லிச் சிரித்துவிட்டு வாக்களித்தார்கள். ஒரே ஒரு முறை தோற்றார். தோற்ற மறுநாளே பாலாவியில் ஒரு ஜனாஸா அடக்கத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். அதற்கடுத்த முறை முன்னரைவிடக் கூட வாக்கு விழுந்தது.

சபைக்குள்ளே அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஆட்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்கு நகர்ந்துகொள்வார், "ஆம்" என்று வாக்களிப்பார். "ஆம்" சொன்னால் ஊருக்கு ஆகாது, சொல்லாவிட்டால் கட்சிக்கு ஆகாது என்று வருகிற நாளில் அவர் சபையிலேயே இருக்க மாட்டார். வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஏதாவது வருத்தம் வரும். இல்லாவிட்டால் யாராவது மவுத்தாகிப் போயிருப்பார்கள், மரண வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இத்தனை வருடத்தில் "இல்லை" என்ற சொல் மட்டும் அவரிடமிருந்து அந்தச் சபையில் விழுந்ததே கிடையாது.

அப்படி இருக்கும்போதுதான் கரையோரச் சட்டமூலம் வந்தது. ஆலங்குடா மணலை வேலியடைத்துச் சுற்றுலாவுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு. கரைவலைக்கு வெட்டவெளி மணல் வேண்டும். வலையின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு இரண்டு வரிசை ஆட்கள் பின்வாங்கிப் பின்வாங்கி இழுத்தால்தான் மீன் கரைக்கு வரும். பின்வாங்குகிற இடத்தில் வேலி நின்றால் வலையை எங்கே இழுப்பது? ஊர் கூடிப் பேசியது. ஜௌபரிடமும் போனது. அவர் எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, பார்ப்போம், அல்லாஹ் போதுமானவன் என்று அனுப்பி வைத்தார்.

வாக்கெடுப்புக்குக் குறித்த நாளும், அவருடைய ராத்தா சித்தி மரியத்தின் பேத்தி அமானியின் கல்யாண நாளும் ஒன்றாக வந்து நின்றன. கூடப் பிறந்த ஒரே ராத்தா, அதாவது அக்கா; சித்தி என்பது அவள் பெயர்தான், முறையில்லை. தாய் மவுத்தான பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். போகாமல் இருக்க முடியாது. பின்னேரம் ஐந்து மணிக்கு வாக்கெடுப்பு. பகல் தொழுகை முடிந்ததும் முதல் சஹனில் இருந்து நாலு வாய் தின்றுவிட்டுப் புறப்பட்டால் கொழும்புக்கு நேரத்தோடு போய்ச் சேரலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தார். அவருடைய செயலாளர் நுஸ்கி வாகனத்தின் முகத்தைப் பெருந்தெருப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கைத்தொலைபேசிகளோடு வாசலில் நின்றான்.

பந்தலுக்குள் நுழைந்த உடனேயே அபூசாலி நானா கையைப் பிடித்துக்கொண்டார். கரைவலைச் சொந்தக்காரர், பள்ளிக்கூடத்தில் ஜௌபருக்கு இரண்டு வகுப்பு மேலே படித்ததால் அவருக்கு நானா, அண்ணன். "இஞ்ச ஒரு ஆள் கொறயுது, வா" என்றார். ஜௌபர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். மற்ற நால்வரும் வலைக்காரர்கள். எதிரே றிஸ்மின், காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பட்டத்தோடு கடலில் ஓடப் பழக்குகிறவன், மற்றக் காலத்தில் அபூசாலியின் வலையில் கயிறு பிடிக்கிறவன். சுற்றியிருந்த ஆறு பேரில் மூத்தவர் அபூசாலி.

மூடியிருந்த துணியைத் தூக்கினார்கள். நெய்ச்சோற்றின் ஆவி முகத்தில் அடித்தது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். ஜௌபர் தம் பக்கத்துச் சோற்றை வேகமாகப் பிசைந்தார். அபூசாலியோ ஓர் எலும்பை எடுத்து, அதைக் கலியாணப் பெண்ணைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மெதுவாத் தின்னு ஜௌபரு. இது கலியாணச் சோறு, கட்சிச் சோறில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜௌபரும் சிரித்தார். அபூசாலி ஒரு பருக்கை, இரண்டு பருக்கையாக எடுத்து வாயில் வைத்தார். மற்ற நால்வரும் அதே கணக்கில் தின்றார்கள். தம்மை எழும்பவிடாமல் இருத்தி வைக்கிறார்கள் என்று அப்போதுதான் ஜௌபருக்கு விளங்கியது. சட்டைப் பையில் தொலைபேசி துடித்தது. கட்சியின் கொறடாவாகத்தான் இருக்கும். வலது கையில் சோறு. இடது கையால் எடுத்துப் பேசினால் பந்தல் முழுக்கப் பார்க்கும். எழும்பினால், இத்தனை வருடமாகத் தோட்டக்காரரைப் பற்றிச் சொன்னதெல்லாம் நாளைக்கு இவரைப் பற்றிய கதையாகிவிடும். ஒருகாலத்தில் தாமே பின்னிய வலை. அதன் கண்ணளவு அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

றிஸ்மின் கதையை எடுத்தான். மரியாதையாகத்தான் கேட்டான், மாமா என்றுதான் கூப்பிட்டான்.

"மாமா, உப்பளக் காணிச் சட்டம் வந்த அண்டைக்கி நீங்க எங்க ஈந்தீங்க?"

அன்றைக்கு வயிற்றுவலி, ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்று ஜௌபர் சொன்னார்.

"மீன் போட்டுக்கு எண்ணெ மானியத்த வெட்டின அண்டைக்கி?"

அன்றைக்கு ஒரு மவுத்து என்றார்.

"அதான் மாமா, நானும் தேடித் தேடிப் பாத்தன். யார்ர மவுத்து?"

ஒருவருக்குச் சோறு புரைக்கேறிவிட்டது. பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டினான். ஜௌபர் அச்சாறைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, அரசியலில் நூறு விசயம் இருக்கிறது மகன், வெளியில் இருந்து பார்த்தால் விளங்காது என்று சொன்னார். வெள்ளைக்காரன் காசில் சீவிக்கிற நீயும் இந்தச் சட்டத்தை எதிர்க்கிறாயா என்றும் கேட்டுப் பார்த்தார். ஓம் என்றான் றிஸ்மின். காற்றுக்கு வேலி தேவையில்லை, வெள்ளைக்காரனுக்கும் தேவையில்லை, வேலி போடுகிறவனுக்குத்தான் தேவை என்றான்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நுஸ்கி கையைத் தூக்கி மணிக்கூட்டைக் காட்டினான். ஜௌபர் பார்க்காதது போல இருந்தார். முதலில் அவசரமாக அள்ளித் தின்றது உண்மை. பிறகு, பிள்ளைகளே, மெல்ல மெல்ல ஒரு குளிர்ச்சி அவருக்குள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் போனால் எந்தச் சாரதியாலும் ஐந்து மணிக்குள் கொழும்பைப் பிடிக்க முடியாது. கொறடா கத்துவார். சனம் பிடித்து வைத்துக்கொண்டது, நான் என்ன செய்வது என்று சொல்லிவிடலாம். ஊரோ, நம் ஆள் நம்மோடு இருந்து தின்றார் என்று சொல்லும். "ஆம்" என்றும் இல்லை, "இல்லை" என்றும் இல்லை. இதைவிட நல்ல வருத்தம் இதுவரை அவருக்கு வந்ததில்லை. வெளியே தெரியாமல் ஒரு பெருமூச்சு விட்டார். இன்னொரு துண்டு இறைச்சியைத் தம் பக்கம் இழுத்தார். எலும்பைக் கடித்து உள்ளிருந்த மஜ்ஜையை உறிஞ்சினார்.

அபூசாலி அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியவர் அல்லவா. மனம் நிறைந்தால்தான் ஜௌபர் எலும்பை உறிஞ்சுவார் என்று அவருக்குத் தெரியும். கையில் எடுத்திருந்த சோற்றைத் திரும்பச் சஹனிலேயே வைத்தார்.

"படிக்கத்தக் கொண்டு வாங்க" என்றார்.

ஜௌபர் திடுக்கிட்டார். "என்ன நானா, இன்னம் இனிப்புக்கு வட்டிலப்பம் வரல்லியே."

"வட்டிலப்பம் வாகனத்துல வரும். கழுவு."

படிக்கமும் தண்ணீர்க் கெண்டியும் வந்தன. அபூசாலி கை கழுவினார், பின்னால் மற்றவர்களும் கழுவினார்கள். ஜௌபரின் கையில் தண்ணீர் விழுந்தபோது அபூசாலி குனிந்து, அடுத்த சஹனுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஒன்னப் பிடிச்சு வைக்கத்தான் இருந்தம். பொய் சொல்ல மாட்டன். ஆனா ஒன்ட மொகத்தப் பாத்தன். நீ பிடிபடுறதுக்கெண்டே வந்தவன் மாதிரி ஈக்கிறாய். வராம உடுறது ஒனக்குப் பழக்கம்தான். இண்டைக்கி போ. போய் எங்களுக்காக ஒரே ஒருக்கா 'இல்ல' எண்டு சொல்லு. தோத்தாலும் காரியமில்ல. நீ சொன்னாய் எண்டு எங்களுக்குக் கேக்கணும்."

"நானா…"

"றிஸ்மினயும் கூட்டிட்டுப் போ. வழியில வருத்தம் வந்தா பாக்க ஆள் வேணுமே."

இப்போது வழி திறந்திருந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழும்பி நின்று வழிவிட்டார்கள். சித்தி மரியம் குசினித் திரைக்குப் பின்னாலிருந்து துணியில் கட்டிய வட்டிலப்பச் சட்டியைக் கொடுத்தனுப்பினாள். ஜௌபர் பாயிலிருந்து எழும்பினார், நுஸ்கி ஓடிப்போய் வாகனக் கதவைத் திறந்தான்.

வாகனம் பறந்தது. பாலாவிச் சந்தியில் லொறிகள் குறுக்கே நிற்காதா என்று பார்த்தார். அன்றைக்கென்று பார்த்து ஒரு லொறியும் குறுக்கே நிற்கவில்லை. முந்தலைத் தாண்டியது. சிலாபம் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை தூரத்தில் தெரிந்தபோது அவருடைய கை தானாக வயிற்றுக்குப் போனது.

பின் ஆசனத்தில் சட்டியை மடியில் வைத்திருந்த றிஸ்மின் முன்னால் சாய்ந்தான். "வருத்தமா மாமா? ஓமத் தண்ணி ஈக்கிது, பனடோல் ஈக்கிது. சித்தி மரியம் மாமி எல்லாம் தந்துதான் உட்டா."

ஜௌபர் கையை எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி பின்னால் போனது. எத்தனையோ தடவை போய்வந்த பாதை. அன்று அது இரண்டு பக்கமும் சுவர் வைத்த ஒழுங்கைபோல ஒடுங்கிக் கிடந்தது. அங்கே போய் "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும்? அடுத்த தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் வாசலில் ஆள் இருக்காது. வாசலில் ஆள் இல்லாத வீட்டில் எப்படிக் காலையில் எழும்புவது என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பழக்கம் விட்டுப்போய் முப்பது வருடமாகிவிட்டது. "ஆம்" என்றால்? அதை அவர் நினைக்கவே விரும்பவில்லை. ஒருமுறை சொல்லிப் பார்ப்போம் என்று உதட்டுக்குள்ளே "இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். பிறத்தியாருடைய செருப்பைப் போட்டதுபோல இருந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். றிஸ்மினைப் பார்வையாளர் கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஜௌபர் தம் ஆசனத்தில் போய் இருந்தார். கொறடா வந்து பக்கத்தில் குனிந்தார். கோபிக்கவேயில்லை, தோளைத் தடவினார். அடுத்த பட்டியலிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். முன்னால் மேசையில் பொத்தான்கள். மேலே நிமிர்ந்து பார்த்தால் றிஸ்மின், மரப்பலகையில் நாடியை ஊன்றிக்கொண்டு. பக்கத்தில் திரும்பினால் கொறடாவின் சிரிப்பு. ஜௌபர் விரலை நீட்டினார். நகத்துக்குள் மஞ்சள் இன்னும் போகவில்லை, நெய்வாசம் மூக்கில் அடித்தது. "இல்லை" என்ற பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோனது சத்தியம். அங்கே அது நின்றது. பிறகு, மாடு தன் தொழுவத்துக்குத் திரும்புவதுபோல, பழகிய இடத்துக்குத் திரும்பிப் போய் அழுத்தியது.

சுவரில் இருந்த பலகையில் வெளிச்சங்கள் எரிந்தன. சட்டமூலம் மிகப் பெரிய வித்தியாசத்தில் நிறைவேறியிருந்தது. அவருடைய ஒரு வாக்கு அங்கே தேவைப்பட்டிருக்கவேயில்லை. "இல்லை" என்று சொல்லியிருந்தாலும் வேலி வந்திருக்கும். ஊர் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

வெளியே வந்தபோது வாகனத்தில் றிஸ்மின் இல்லை. பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான் என்றான் நுஸ்கி. வட்டிலப்பச் சட்டி மட்டும் பின் ஆசனத்தில், கட்டிய துணி அவிழ்க்கப்படாமல் இருந்தது.

வேலி வந்தது. கரைவலை இழுப்பவர்கள் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துப் பார்த்தார்கள், வலை கிழிந்தது. கட்சியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது, அடுத்த பட்டியலில் ஜௌபரின் பெயர் இருக்கும் என்று பத்திரிகையிலேயே வந்துவிட்டது. அதற்கிடையில் தாயின் பெயரால் வருடா வருடம் ஓதுகிற கத்தம் வந்தது. சித்தி மரியத்தின் வீட்டில்தான் எப்போதும் ஓதுவார்கள். பெற்ற தாயின் கத்தத்துக்கு என்ன வருத்தத்தைச் சொல்லி வராமல் இருப்பது? வந்தார்.

ஒருவரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. எல்லோரும் ஸலாம் சொன்னார்கள், கை கொடுத்தார்கள், சுகம் விசாரித்தார்கள். ஓதி முடிந்ததும் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஜௌபர் வழக்கம்போல முதல் சஹனில் போய் இருந்தார். மற்ற ஐந்து பேருக்கும் இடம்விட்டுக் காத்திருந்தார். வந்தவர்கள் அடுத்த சஹனுக்குப் போனார்கள். அது நிறைந்ததும் அதற்கடுத்ததற்குப் போனார்கள். கடைசியில் வந்த இருவருக்கு இடமில்லை. ஏற்கெனவே ஆறு பேர் இருந்த ஒரு சஹனில் தோளைச் சரித்து, முழங்காலை ஒடுக்கி நுழைந்துகொண்டார்கள். அபூசாலி தலையைக் குனிந்து தம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது இனிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஜௌபருக்கு முன்னால் சஹன் மூடிய துணியோடு இருந்தது. ஆள் சேராமல் துணியைத் தூக்கக் கூடாது. தின்னவும் முடியாது. எழும்பலாம்தான், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கரையில் சஹனை விட்டு எழும்பாதவர் என்று பெயர் எடுத்தவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பெயரையும் விட்டுவிட்டு எங்கே போவது? இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். சுற்றிலும் ஆட்கள் தின்கிற சத்தம் கேட்டது. துணிக்கடியில் சோறு ஆறியது.

குசினித் திரை விலகியது. சித்தி மரியம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆண்கள் இருந்த கூடத்துக்குள் வந்தாள். அந்த வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தின்ற கைகள் நின்றன. அவள் யாரையும் பார்க்காமல் நேரே நடந்து வந்து, தரையில் கையை ஊன்றி, மெல்ல மெல்லத் தம்பிக்கு எதிரே பாயில் இருந்தாள். துணியைத் தூக்கினாள்.

"தின்னு" என்றாள்.

அவர் கை வைக்கவில்லை. "நீயும் என்னோட கோவமா ராத்தா?"

"ஓம்."

பிறகு அவள் இறைச்சித் துண்டொன்றைப் பிய்த்து, சின்ன வயதில் வைத்ததுபோலவே அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"இனி ஒனக்கு நான் வோட்டுப் போட மாட்டன் தம்பி. சோறு போடுவன். ரெண்டும் ஒண்டெண்டு நெனச்சிராத. நெனச்சுத்தான் இவ்வளவு காலம் போனது."

ஜௌபர் கை வைத்தார். சித்தி மரியம் வயதானவள், பல்லில்லாதவள். ஒரு பருக்கை, இரண்டு பருக்கையாகத்தான் தின்பாள். மற்றச் சஹன்களெல்லாம் ஒவ்வொன்றாக எழும்பின, பாய்களைச் சுருட்டினார்கள், கூடம் வெறுமையானது. வேலிக்கு அப்பால் காற்றுக்குப் பட்டங்கள் படபடத்தன. அந்தச் சஹனில் மூத்தவள் அவள். அவள் படிக்கம் கேட்கும்வரை அவர் எழும்ப முடியாது. அவளோ கேட்கிற அவசரத்தில் இல்லை.

இவ்வளவுதான் கண்மணிகளே. இருட்டுமுன் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் சோறு வெந்த நேரமெல்லாம் சுற்றியிருந்து தின்ன ஆளிருக்கட்டும். உங்கள் சஹனில் ஓரிடமும் வெறுமையாகாமல் இருக்கட்டும். ஓம் சொல்ல வேண்டிய இடத்தில் ஓமும், இல்லை சொல்ல வேண்டிய இடத்தில் இல்லையும் உங்கள் பிள்ளைகளின் நாவில் தடங்கலில்லாமல் வரட்டும். கோபித்துக்கொண்டாலும் எதிரே வந்து உட்காருகிற ஒரு ராத்தாவை அல்லாஹ் உங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தந்து, அந்த வீட்டில் பரக்கத்தை இறக்கி வைப்பானாக. ஆமீன்.